ரேடியேற்றருக்கு என்ன ஊற்றுவது? மட்டக்களப்பு, அம்பாறைக் கார்களுக்கான கூலன்ட் தெரிவுகள்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைக் கராஜ்களில் "கார் சூடேறுது" என்ற முறைப்பாடு கூடிவிடும். பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும் நாளில், ஏசியைப் போட்டு, குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, செங்கலடியில் திரும்பி பதுளை வீதியில் லுணுகலை, பசறை ஏற்றங்களை ஏறினால் எஞ்சினுக்கு நல்ல வேலை. அந்த நேரத்தில் ரேடியேற்றருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழேயுள்ள புளொக்குக்கும் இடையில் அடைத்து நிற்கும் ஹெட் காஸ்கட் தப்புவதும் போவதும்.

இவ்வளவு முக்கியமான ஒன்றை நாம் வாங்கும் விதம் மட்டும் மிகச் சாதாரணமானது. உதிரிப்பாகக் கடைக்குப் போய் "அண்ணன், கூலன்ட் ஒரு கான் தாங்க" என்போம். "பச்சையா தம்பி, சிவப்பா?" என்று கேட்பார். ஏதாவது ஒன்றைச் சொல்லி வாங்கி வந்து, மிச்ச அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றுவோம். கெடுதல் பெரும்பாலும் அந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது. எந்தக் கம்பனிக் கூலன்ட் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தத் தண்ணீர் என்று நம் இரண்டு மாவட்டத்திலும் கேட்டாக வேண்டும். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

வெறும் தண்ணீர்

தண்ணீருக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுவோம். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் அதை மிஞ்சிய மலிவான திரவம் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். பாதி தண்ணீர், பாதி எதிலீன் கிளைகோல் (கூலன்டின் மூலத் திரவம்) சேர்ந்த கலவைக்கு ஏறக்குறைய 3.4 போதும். "தண்ணிதான் நல்லாக் குளிர்த்தும்" என்று பழைய சாரதிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எதிலீன் கிளைகோலைக் குளிர்நாட்டுக்காரர் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்த்தார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. அப்படியிருந்தும் அது நமக்கும் தேவைப்படுகிறது.

ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். உள்ளே எவ்வளவு அமுக்கம் ஏறும்வரை மூடி தாங்கும் என்ற கணக்கு அது. 1.1 மூடி ஒழுங்காக வேலை செய்தால் வெறும் தண்ணீர் சுமார் 121 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை 129 பாகை அளவில் கொதிக்கும். எட்டுப் பாகை என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் டாஷ்போர்டில் ஊசி காட்டுவது ஓரிடத்துச் சூட்டை மட்டும்தான். ஹெட்டுக்குள், எக்ஸோஸ்ட் வால்வுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் உலோகம் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். அங்கே ஆவிக் குமிழி கட்டிக்கொண்டால் திரவம் உலோகத்தைத் தொடாது. தொடாத இடம் வளையும். மூடியின் ரப்பர் இறுகிப் போயிருந்தால் இந்தக் கணக்கும் போச்சு. தண்ணீர் 100 பாகைக்குக் கிட்டவே கொதித்து வெளியே தள்ளும். ஆகவே விலை கூடிய கூலன்ட் வாங்க நினைப்பவர் அதற்கு முன் மூடியைக் கழற்றி அதன் ரப்பரைப் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் ஆறிய பிறகு மட்டும்.

கொதிநிலையை விடவும் எனக்குக் கவலை தருவது அரிப்பு. இன்றைய கார்களில் ரேடியேற்றர் அலுமினியம், ஹெட் அலுமினியம், பல எஞ்சின்களில் புளொக் வார்ப்பிரும்பு. வெவ்வேறு உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி ஏதாவது ஒன்று கரையத் தொடங்கும். காரில் கரைவது பெரும்பாலும் அலுமினியம். அதிலும் உப்பிலுள்ள குளோரைட் இருந்தால் அலுமினியம் பரவலாகத் தேயாமல் ஊசித் துளையாகவே அரிபடும். மெல்லிய ரேடியேற்றர் குழாயில் ஓர் ஊசித் துளை போதும்.

இனி நம் தண்ணீரைப் பார்ப்போம். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலுக்கும் வாவிக்கும் பக்கத்தில் மணலில் தோண்டிய கிணறுகளில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் நிற்கிறது. மாரியில் குடிக்க நன்றாக இருக்கும் கிணறு, கோடையில் அதிகம் இறைத்தால் உவர்க்கும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புற ஊர்களிலும் சிக்கல் வேறு: உப்பு குறைவாக இருந்தாலும் கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடினத் தண்ணீர் பல கிணறுகளில் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் ஏறும். அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் ஏறும். அந்தப் படிவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ஆக, குளிர்ச்சி மிக அவசியமான இடத்தில்தான் தண்ணீர் தோற்றுப்போகிறது.

"நாங்க குடிக்கிற தண்ணி, காருக்கு ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு எண்களைக் காட்டுவது சுலபம். குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதுதான் நாக்கில் சுவை தெரியத் தொடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரிய டீசல் எஞ்சின்கள் செய்யும் கேட்டர்பில்லர் கம்பனி, கூலன்டில் கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் மேல் எல்லையோ குளோரைட்டுக்கு 40 மில்லிகிராம், சல்பேற்றுக்கு 100, மொத்தக் கடினத்தன்மைக்கு 170, கரைந்த திண்மங்களுக்கு 340. நாக்குக்கு உப்பே தெரியாத தண்ணீர் எஞ்சினின் எல்லையை ஆறு மடங்கு தாண்டியிருக்க முடியும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட் இருக்கிறது. நூறு லீற்றர் நல்ல தண்ணீரில் கால் லீற்றர் கடல்நீர் சேர்ந்தாலே அந்த 40 என்ற எல்லை முடிந்துவிடும். கடற்கரையோரக் கிணறு வைத்திருப்பவர்கள் இந்தக் கால் லீற்றரை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது; அம்பாறைப் பக்கத்துக்குக் கொண்டவட்டுவான் குளத்து நீர். இரண்டும் மழை நிரப்பிய குளங்கள் என்பதால் கரையோரக் கிணறுகளைவிட இவை மேல். ஆனாலும் குழாய்த் தண்ணீரில் குளோரின் போடப்படுகிறது, கரைந்த தாதுக்களும் இல்லாமல் இல்லை. வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம். உள்ளேயே விட்டுவைக்க அது ஏற்றதல்ல.

வடித்த நீரும் அதன் உறவுக்காரர்களும்

பெற்றோல் ஷெட்டிலும் பற்றரிக் கடையிலும் போத்தலில் விற்கும் வடித்த நீர், அதாவது நாம் பற்றரித் தண்ணீர் என்று வாங்குவது, கூலன்ட் கலக்க மிகச் சரியான தண்ணீர். தாது இல்லை, உப்பு இல்லை, விலையும் பெரிதில்லை. ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: பற்றரி அசிட்டும் அதே கடையில், அதேபோன்ற போத்தலில் இருக்கும்.

சிலர் இதையே தனியாக ஊற்றி ஓடுகிறார்கள். கழுவும் போதும், ஒழுக்கு எங்கே என்று தேடும் சில நாட்களுக்கும் அது நல்லது. ஆனால் அரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. காற்றோடு பட்டதும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்ல அமிலத்தன்மைக்குப் போகும். வோட்டர் பம்பின் சீலுக்கு வழவழப்பும் கிடைக்காது. படிவு வராது, துரு வரும்.

ஆர்ஓ பிளான்டில் எடுக்கும் தண்ணீர் இதற்கு அடுத்த நிலை. பிளான்டை ஒழுங்காகப் பராமரித்தால் கலக்கப் போதுமானது. குடிக்கும் போத்தல் தண்ணீரில் சுவைக்காகத் தாதுக்கள் சேர்த்திருக்கலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். மாரி மழையில், கொஞ்ச நேரம் பெய்ய விட்டு, திறந்த வெளியில் சுத்தமான பாத்திரம் வைத்துப் பிடித்த நீரும் மோசமில்லை. தகரக் கூரையில் வழிந்தது ஆகாது, கடற்காற்றின் உப்பு கூரையில் படிந்திருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அது வடித்த நீர்தான், ஆனால் கொயிலின் தூசியையும் உலோகத் துணுக்கையும் கழுவிக்கொண்டு வருகிறது. வடித்த நீர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது அந்த யோசனை எதற்கு?

நிறம் சொல்லாத விடயம்

கூலன்டுக்கு நிறம் போடுவது சாயம். எந்த நிறம் எந்த வகை என்று உலகத்துக்குப் பொதுவான விதி கிடையாது. டொயோட்டாவின் பழைய நீண்டகாலக் கூலன்ட் சிவப்பு. பின்னர் வந்த, இன்னும் நீடிக்கும் வகை பிங்க். ஹொண்டாவும் சுசூக்கியின் பிற்கால வண்டிகளும் நீலத்துக்குப் போயின. நிசானில் பச்சை நிறத்திலேயே நீண்டகாலக் கூலன்ட் வந்திருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும், இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிய பழைய வகையும் பச்சைதான். வோக்ஸ்வாகனின் ஒரு வகையும் டொயோட்டாவின் வகையும் பிங்க், ஆனால் உள்ளே இருக்கும் வேதியியல் ஒன்றல்ல. எனவே "பச்சையா, சிவப்பா" என்ற கேள்விக்குச் சரியான பதிலே இல்லை.

கேட்க வேண்டியது உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்தைப் பற்றி. எதிலீன் கிளைகோல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மருந்துதான் மாறுகிறது. பழைய வகையில் சிலிக்கேற், பொஸ்பேற் போன்ற கனிம உப்புக்கள். அவை உலோகத்தின் மேல் உடனே ஒரு படலம் போடும், விரைவில் தீர்ந்தும் போகும். இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர் என்பது அதன் வழக்கமான ஆயுள். அடுத்த வகையில் கரிம அமிலங்கள். அரிபடத் தொடங்கும் இடத்தில் மட்டும் செலவாவதால் மெதுவாகத் தீரும், ஐந்து வருடம் நிற்கும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகை மூன்றாவது.

கலப்பு வகையிலேயே ஜப்பான்காரரும் ஐரோப்பியரும் பிரிந்து போகிறார்கள், அதுதான் நமக்குச் சம்பந்தப்பட்ட இடம். ஜப்பான், கொரியக் கம்பனிகள் சிலிக்கேற்றைத் தவிர்க்கின்றன. வோட்டர் பம்ப் சீலை அது தேய்க்கும் என்பது அவர்களின் பயம். பதிலுக்குப் பொஸ்பேற் சேர்க்கின்றன. ஐரோப்பியர் பொஸ்பேற்றைத் தவிர்த்து சிலிக்கேற் சேர்க்கிறார்கள். காரணம் அவர்களின் தண்ணீர். ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கடினமானது; அந்தக் கல்சியத்தோடு பொஸ்பேற் சேர்ந்தால் கல்சியம் பொஸ்பேற்றாக இறுகி எஞ்சினுக்குள் படியும்.

இப்போது நம் வீதிகளைப் பாருங்கள். ஓடுபவற்றில் பெரும்பகுதி ஜப்பான் கார்கள்: அக்ஸியோ, விட்ஸ், அக்வா, வெசல், வாகன் ஆர். அவற்றுக்குப் பொருந்துவது பொஸ்பேற் கூலன்ட். அந்தக் கூலன்டில் படுவான்கரைக் கிணற்றின் கடினத் தண்ணீரைக் கலப்பது, ஐரோப்பியர் எதற்காகப் பொஸ்பேற்றையே கைவிட்டார்களோ அதைத் தேடிப் போய்ச் செய்வது. நல்ல கூலன்ட் வாங்கியவருக்கும் ரேடியேற்றர் அடைபடுவது இப்படித்தான். மருந்து தண்ணீரோடு சேர்ந்து படிந்து போகிறது. மருந்தும் மிஞ்சாது, குழாயும் மிஞ்சாது.

கலந்து வருவதா, நாமே கலப்பதா?

கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று அப்படியே ஊற்றலாம் என்று கலந்து வருவது. டொயோட்டாவின் பிங்க் கூலன்ட் அந்த வகை: பாதி தாதுநீக்கிய நீர் சேர்த்தே வருகிறது, மேலும் தண்ணீர் கலக்கக் கூடாது. மற்றது கொன்சன்ட்ரேட், தண்ணீர் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். பலருக்கு இரண்டாவது வகையைத் தனியாக, கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்ற எண்ணம் இருக்கிறது. அது தவறு. தூய எதிலீன் கிளைகோல் 197 பாகையில் கொதித்தாலும் வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான், பிசுக்குத்தன்மையும் கூட. அறுபது வீதத்துக்கு மேல் போவதில் நமக்கு நட்டம் மட்டுமே. முப்பது வீதத்துக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு மருந்து போதாமல் போகும். நம் காலநிலைக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வீதம் நல்ல அளவு.

சேமிப்புப் போத்தலில் குறைந்ததை நிரப்ப மட்டும் என்றால், யோசிக்காமல் கலந்து வருவதையே வாங்குங்கள். தண்ணீர்ப் பிரச்சினையே அங்கே முடிந்துவிடுகிறது. நம் மாவட்டங்களில் அதன் மேலதிக விலைக்குக் கிடைக்கும் உண்மையான பெறுமதி அதுதான்: மலிவு என்று நினைக்கும் கொன்சன்ட்ரேட்டைக் கிணற்றுத் தண்ணீரில் கலப்பவர், மிச்சம் பிடித்த காசைப் பிறகு ரேடியேற்றரில் கட்டுவார்.

முழுதாக மாற்றும்போது கதை மாறுகிறது. ரேடியேற்றரின் கீழ்த் திருகைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடாது. புளொக்கிலும் குழாய்களிலும் கணிசமான பங்கு தங்கும். கழுவிய பிறகு அங்கே தங்கியிருப்பது வெறும் தண்ணீர். மொத்தம் ஆறு லீற்றர் பிடிக்கும் எஞ்சினில் இரண்டு லீற்றர் தண்ணீர் தங்கியிருந்து, மேலே நாலு லீற்றர் கலந்த கூலன்ட் ஊற்றினால், கடைசியில் கிளைகோல் 33 வீதத்துக்கு இறங்கிவிடும். அதே எஞ்சினுக்கு மூன்று லீற்றர் கொன்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்சத்தை வடித்த நீரால் நிரப்பினால் சரியாக ஐம்பது. பல தடவை கழுவிய பழைய காருக்குக் கொன்சன்ட்ரேட்டும் வடித்த நீரும்தான் என் தெரிவு. கழுவும் கடைசிச் சுற்றையும் வடித்த நீரில் செய்துவிட்டால், தங்குவதும் நல்ல தண்ணீராகவே தங்கும். கொள்ளளவு எவ்வளவு என்று காரின் கைநூலில் இருக்கும். கராஜ்காரர் "அஞ்சு லீற்றர் பிடிக்கும்" என்று கைக்கணக்காகச் சொன்னால் கைநூலைக் காட்டிப் பேசுங்கள்.

எல்லாக் காருக்கும், எல்லா நிறத்துக்கும் பொருந்தும் என்று எழுதிய கானும் உண்டு. நல்ல கம்பனி செய்தால் அவை பெரும்பாலும் கரிம அமில வகை. எதனோடு கலந்தாலும் உடனே கட்டிபடாது என்பதே அந்த வாக்குறுதியின் பொருள். கலந்தபின் பழைய நீண்ட ஆயுள் தொடராது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கைமாறிய காருக்கு, முழுதாக மாற்றும் வரை நிரப்ப அது உதவும். அதற்கு மேல் நான் அதை நம்பமாட்டேன்.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும், அதுதான் கடையில் அதிகம் விற்கிறது: ஒளிரும் பச்சையில், கம்பனி முகவரியோ தர எண்ணோ இல்லாத மலிவுக் கான். சாயம் போட்ட தண்ணீரும் அந்த விலைக்கு வரும். லேபிளில் எதிலீன் கிளைகோல் என்றும், எத்தனை வீதம் என்றும், ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் கே 2234 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி3306 போன்ற ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் கீழ் சீல் உடையாமல் இருக்கிறதா என்றும். இவற்றில் எதுவும் இல்லாத கானைவிட, வடித்த நீரில் கலந்த ஒரு நல்ல கொன்சன்ட்ரேட் மலிவாகவே முடியும்.

உங்கள் வண்டி எது?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் இன்று நம் வீதியில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலானவை வயதானவை. டொயோட்டாவின் பிங்க் கூலன்ட் புதிய காரில் 160,000 கிலோமீற்றர் வரை போகும், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீற்றருக்கும் மாற்ற வேண்டும். அந்த முதல் கெடுவை எத்தனையோ கார்கள் தாண்டிவிட்டன. நடுவில், பொருள் கிடைக்காத 2022 நெருக்கடியில், யார் என்ன ஊற்றினார் என்று தெரியாது. பழைய கார் வாங்கினால் மீற்றரை நம்பிக் காத்திருக்காமல் ஒருமுறை முழுதாகக் கழுவி மாற்றிவிடுவதே புத்தி.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான சேதி. எஞ்சின் கூலன்டுக்கு ஒரு போத்தலும், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்கு வேறொரு போத்தலும் உண்டு. இரண்டுக்கும் பிங்க் வகையேதான். எஞ்சின் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள், அல்லது அங்கே தண்ணீர் ஊற்றுகிறார்கள். இன்வேர்ட்டர் போனால் ஏற்படும் செலவோடு ஒப்பிட்டால் கூலன்ட் விலை ஒரு விலையே இல்லை. இங்கே பேரம் பேசாமல் கம்பனி சொன்னதையே ஊற்றுங்கள். புதிதாக வரும் மின்சாரக் கார்கள் சிலவற்றுக்கு மின்கடத்துதிறன் குறைந்த தனிக் கூலன்ட் வேண்டும். கைநூலைப் பார்க்காமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

செம்பு ரேடியேற்றரும் வார்ப்பிரும்பு எஞ்சினுமாக ஓடும் பழைய கார், வான்களுக்குப் பழைய வகைப் பச்சைக் கூலன்ட் தாராளமாகப் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் மாற்றும் பழக்கம் இருந்தால், விலை கூடியதற்குப் போகத் தேவையில்லை. பெரிய டீசல் லொறிகளிலும் அறுவடை மெசின்களிலும் வேறொரு நோய் இருக்கிறது. சிலிண்டரின் உள் உறையான லைனர் அதிரும்போது அதன் வெளிப்பக்கத்தில் சிறு குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பையே துளைத்துவிடும். அதைத் தடுக்கும் நைத்திரைற் போன்ற மருந்து சேர்ந்த கனரகக் கூலன்ட் தனியாக வருகிறது. கார்க் கூலன்டை அதற்கு ஊற்றக் கூடாது. தண்ணீர் திறந்த தொட்டியில் கொதித்து ஆவியாகும் பழைய மாதிரிக் கை உழவு மெசின்களுக்குக் கூலன்டே வேண்டாம். ஆவியாகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வண்டி சூடேறினால், சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது காரணமாகச் சொல்லப்படும். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வரத் தாமதிக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தபடியே நின்று, சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேற்றருக்கே போகாமல் சுற்றி வரும். அப்புறம் ஏற்றத்தில் முன்பைவிடச் சூடேறும். எந்தக் கூலன்டும் அதைச் சரிசெய்யாது. ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடுவதும் இதே வகைதான்: துளையை அடைக்கும், துளையைவிட ஒடுங்கிய நல்ல வழிகளையும் அடைக்கும்.

மாற்றும் நாளில்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெளியே வரும் திரவத்தைக் கண்ணால் பாருங்கள். காவி நிறம் என்றால் உள்ளே துரு, கூடுதலாகக் கழுவ வேண்டும். பால் கலந்ததுபோல் வந்தாலோ, மேலே ஒயில் மிதந்தாலோ, கூலன்ட் வாங்குவதை நிறுத்திவிட்டு ஹெட் காஸ்கட்டைச் சோதியுங்கள். பழைய வகையிலிருந்து புதிய வகைக்கு மாறினால் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். இரண்டும் கலந்தால் சிலவேளை கூழாகக் கட்டிபடும், கட்டிபடாவிட்டாலும் ஆயுள் குறையும். நிரப்பும்போது ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காற்று முழுதாக வெளியேறும்வரை நில்லுங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே சிக்கிய காற்றே அடுத்த வாரம் சூடேற்றும். சில நாள் ஓடியபின், ஆறிய எஞ்சினில் போத்தலின் அளவுக் கோட்டை மறுபடி பார்க்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் அது ஒழுக்கு. கூலன்ட் தானாகத் தீர்ந்து போகாது.

வழியில், மகாஓயாவுக்கு இப்பால் புல்லுமலைக் காட்டுக்குள் சூடேறி நின்றுவிட்டால், மூடியைத் தொடாமல் அரை மணிநேரமாவது பொறுங்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். ஆறியபின் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேருங்கள், ஒரு நாள் தண்ணீரால் எதுவும் கெட்டுவிடாது. ஊருக்கு வந்ததும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, வடித்த நீரால் கழுவி, ஒழுங்கான கலவையை நிரப்பிவிட வேண்டும்.

வடித்தெடுத்த பழைய கூலன்டைக் கானுக்குள் உடனே மூடிவிடுங்கள். எதிலீன் கிளைகோல் இனிக்கும். பேசினில் திறந்து வைத்தால் நாய் குடிக்கும், மாடு குடிக்கும், குழந்தை விரலை விட்டு நக்கும். சுமார் 100 மில்லிலீற்றரே வளர்ந்த ஒருவரின் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு அதைவிட மிகக் குறைந்த அளவு போதும். யாராவது குடித்தது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், கானையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாவிக் கரையிலோ வடிகானிலோ ஊற்றவும் கூடாது. கழிவு ஒயில் சேர்க்கும் கராஜ்காரரிடம் கேட்டு, ஒயிலோடு கலக்காமல் தனிக் கானில் ஒப்படையுங்கள்.